குறையை ஏற்ற ஏடும் குறை களைந்த கையும்

மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், மலைப்பொழிவின் நடுவே, படிப்பவரை அஞ்ச வைக்கும் கட்டளை ஒன்று உண்டு. விண்ணகத் தந்தை எத்தன்மையரோ அத்தன்மையராய் அவர்தம் மக்களும் விளங்க வேண்டும் என்பது அதன் கருத்து. அக்கட்டளையில் இடம்பெறும் 'தெலெயோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லைத் தமிழாக்கியோர் இரு வேறு சொற்களைத் தேர்ந்தனர். சீர்திருத்தச் சபையாரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பு 'பூரண சற்குணர்' என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கி 1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியம் 'நிறைவுள்ளவர்' என்றது.

சொல்லாராய்ச்சியில் பழகியோர்க்கு இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது உடனே விளங்கும். பூரண சற்குணர் என்பார் குணங்களுள் ஒன்றும் குறையாதவர், மாசு அற்றவர். நிறைவு என்பதோ கதிர் முற்றுவதையும், குழந்தை வளர்ந்து ஆளாவதையும், புறப்பட்டவர் போய்ச் சேர்வதையும் குறிக்கவல்லது. கிரேக்க மூலச்சொல்லும் 'முடிவு', 'இலக்கு' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததே. வளர்ச்சி முற்றிய ஆளை அம்மொழியார் அச்சொல்லால் சுட்டினர். லூக்கா நற்செய்தியில் இக்கட்டளைக்கு இணையாக வரும் இடத்தில் நிறைவு என்ற சொல்லே இல்லை; இரக்கம் என்ற சொல்லே இருக்கிறது.

மாசின்மையா, முதிர்ச்சியா, இரக்கமா என்னும் வினா சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. தம் குறைகளோடு ஒருவர் இறைவன்முன் வந்து நிற்கலாமா, அன்றிக் குறைகள் யாவும் நீங்கிய பின்னரே வர வேண்டுமா என்பதே அதன் உள்ளீடு. கிறித்தவ ஆன்மிக வரலாறு இவ்வினாவுக்கு இருவகை விடைகளையும் தந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்சு நாட்டுச் சிறு நகரம் ஒன்றின் மடத்தில், இருபத்துநான்கு வயதில் இறந்துபோன ஓர் இளந்துறவி தந்த விடை அவற்றுள் தனித்து நிற்கிறது. அவ்விடையையும், அதைத் தாங்கிய ஏட்டுக்குப் பின்னர் நேர்ந்ததையும் ஒருசேரக் காண்பது எழுத்தோடு வாழ்வோர்க்குப் பயன் தரும்.

முன்னோர் மரபு

குறையை ஏற்றல் கிறித்தவத்தில் புதிதாகப் புகுந்த கருத்தன்று. கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பவுல், தம் உடலில் தைத்த முள் ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். அது நீங்குமாறு மும்முறை வேண்டியும் நீங்கவில்லை என்றும், வலுவின்மையிலேயே இறைவல்லமை விளங்கும் என்னும் மறுமொழியே தமக்குக் கிடைத்தது என்றும் அவர் கூறுகிறார். அம்முள் நோயா, சோதனையா, பகையா என்பதை அவர் கூறவில்லை. ஆதலின் ஒவ்வொரு காலத்தாரும் தத்தம் முள்ளை அதனுள் வைத்துப் படிக்க முடிந்தது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேத்தே பாலைவனத்தில் வாழ்ந்த துறவியருள் மோசே என்பவர் முன்பு கொள்ளையராய் இருந்தவர். தவறு செய்த உடன்துறவி ஒருவரை விசாரிக்கக் கூடிய அவைக்கு அவரை அழைத்தனர். ஓட்டைக் கூடையில் மணலை நிரப்பி முதுகில் சுமந்தவாறு அவர் வந்தார். காரணம் வினவியபோது, தம் குற்றங்கள் தமக்குப் பின்னே ஒழுகிக்கொண்டிருக்கத் தாம் பிறர் குற்றத்தைத் தீர்க்க வந்திருப்பதாகக் கூறினாராம். விசாரணை அத்துடன் நின்றது என்பது பாலைவனத் தந்தையர் வரலாறுகள் தரும் செய்தி. இதே நூற்றாண்டின் முடிவில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயர் அகுஸ்தீன் தம் பழைய வாழ்வின் பிழைகளை மறைக்காது இறைவனிடமே எடுத்துரைக்கும் முறையில் 'அறிக்கைகள்' என்னும் நூலை எழுதினார். தன்வரலாறு என்னும் இலக்கிய வகைக்கே அது முன்னோடியாயிற்று.

பிரான்சின் கடும்பக்தி

இம்மரபுக்கு எதிரான காற்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வீசியது. ஈப்ரு நகர் ஆயராய் இருந்த கொர்னேலியுஸ் யான்சென் 1638இல் இறந்தார். அகுஸ்தீனின் கொள்கையை விளக்கி அவர் எழுதிய பெருநூல் 1640இல் வெளிவந்தது. மனித இயல்பு முற்றும் சீர்குலைந்தது, அருளோ சிலர்க்கே உரியது என்னும் கடுமையான கருத்துகள் அதன் வழியே பரவின. 1643இல் அந்துவான் அர்னோ எழுதிய நூல், தகுதியின்றி நற்கருணை உட்கொள்வதன் அச்சத்தை மிகுவித்தது. பாரிசுக்கு அருகிருந்த போர் ரொயால் மடம் இவ்வியக்கத்தின் கோட்டையாயிற்று. 1653இல் உரோமை இக்கொள்கையிலிருந்து எடுக்கப்பட்ட ஐந்து கூற்றுகளைக் கண்டித்தது. 1709இல் அம்மடத்துத் துறவியர் வெளியேற்றப்பட்டனர்.

கொள்கை கண்டிக்கப்பட்டும் அது விட்டுச்சென்ற அச்சம் மறையவில்லை. கணக்கு வைத்துத் தண்டிக்கும் நீதிபதியாக இறைவனைக் காணும் மனநிலை 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பக்தியிலும் நிழலாய்த் தங்கியது. உலகின் பாவத்துக்காக இறைநீதிக்குத் தம்மைப் பலியாக்கிக்கொள்ளும் காணிக்கை துறவியரிடையே போற்றப்பட்டது. நற்கருணையை நாள்தோறும் உட்கொள்ளுதல் துறவியர்க்கும் எளிதில் கிடைக்காத பேறாக இருந்தது. நல்மனத்தோடு வரும் எவர்க்கும் அது மறுக்கப்படலாகாது எனத் திருத்தந்தை பத்தாம் பத்திநாதரின் ஆட்சியில் 1905இல்தான் ஆணை பிறந்தது.

அழுகையில் வளர்ந்த குழந்தை

இத்தகைய சூழலில், 1873ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள், அலென்சோன் நகரில் தெரேசா மார்ட்டின் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழிலர். தாய் செலி அந்நகருக்குப் பெயர் தந்த பின்னல் சரிகைத் தொழிலை நடத்தியவர். பிறந்த மக்கள் ஒன்பதின்மருள் மரி, பொலின், லெயோனி, செலின், தெரேசா என்னும் ஐந்து பெண்களே எஞ்சினர். 1877 ஆகஸ்டில் தாய் மார்புப் புற்றால் மறைந்தார். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது.

தாயை இழந்த நான்கரை வயதுக் குழந்தை தொட்டதற்கெல்லாம் அழுபவளாக மாறினாள். தாயின் இடத்தில் வைத்துப் பற்றிக்கொண்ட அக்காள் பொலினும் 1882இல் லிசியே கார்மேல் மடம் புகுந்தார். 1885 மே மாதத்தில் தெரேசாவைப் பாவ அச்சம் பற்றியது. எண்ணம், சொல், செயல் அனைத்திலும் பாவத்தைக் கண்டு நடுங்கும் அந்நோய் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீடித்தது. மூத்த அக்காள் மரியிடம் நாள்தோறும் தன் அச்சங்களைக் கூறி அழுவதே அப்பெண்ணின் ஆறுதலாக இருந்தது. குறையின்மையே இறைவனை அடையும் வாயில் என நம்பும் மனம் எத்தகைய சிறைக்குள் வீழும் என்பதைப் பிற்காலத்தில் நூல்களிலிருந்து அவர் அறிய வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அச்சிறையிலேயே அவர் இருந்தார்.

1886ஆம் ஆண்டுக் கிறித்துமசு இரவில் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபோது, கணப்பருகே வைத்த காலணிகளில் பரிசு தேடும் சிறுபிள்ளை வழக்கம் இவ்வாண்டோடு முடியட்டும் எனத் தந்தை சலிப்போடு கூறியது தெரேசாவின் செவியில் விழுந்தது. வழக்கமாகக் கண்ணீர் பெருகும் வேளை அது. அன்றோ அவர் கண்ணீரை அடக்கி, ஒன்றும் கேளாதவர்போல் மகிழ்ந்து பரிசுகளை எடுத்தார். பல ஆண்டுகள் முயன்றும் தம்மால் இயலாததை இறைவன் ஒரு நொடியில் செய்து முடித்தார் என்றே பின்னர் அவர் அதனை எழுதினார். வெற்றியைத் தம் முயற்சியின் கணக்கில் எழுதாமை இங்கேயே தொடங்குகிறது.

1887 நவம்பரில் உரோமைக்குத் திருப்பயணம் சென்று, திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவிடமே பதினைந்து வயதில் மடம் புக இசைவு வேண்டினார். 1888 ஏப்ரல் 9ஆம் நாள் லிசியே கார்மேலின் கதவு அவருக்குத் திறந்தது.

1891: ஒரு சொல்லின் விடுதலை

மடம் புகுந்ததும் அமைதி வந்துவிடவில்லை. 1889 பிப்ரவரியில் தந்தை மனநோயால் கான் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். ஊரார் பேச்சும் உள்ளத்து வறட்சியும் இளந்துறவியை ஒருங்கே வருத்தின.

1891 அக்டோபரில் மடத்தாருக்குத் தியானம் நடத்த அலெக்சி புரு என்னும் பிரான்சிஸ்கு சபைக் குரு வந்தார். பிற துறவியர் அவரை அத்துணை விரும்பினாரில்லை. தெரேசாவோ அவரிடம் உள்ளம் திறந்தார். அவருடைய குறைகள் இறைவனைப் புண்படுத்தவில்லை என்று அக்குரு உறுதி கூறினார். குறைகள் இறைவனுக்கு வருத்தம் தராமல் இருக்கவும் கூடும் என்பதைத் தாம் அதுவரை எவரிடமும் கேட்டதில்லை என்கிறார் தெரேசா. நம்பிக்கை என்னும் கடலில் செல்லத் துடித்தும் துணிவின்றிக் கரையில் நின்ற மரக்கலத்துக்குப் பாய் விரித்ததுபோல் அச்சொல் அமைந்தது என்பது அவர் எழுத்தின் கருத்து.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். அக்குரு குறை இல்லை என்று கூறினாரல்லர். குறை உண்டு, அது இறைவனை அகற்றாது என்றே கூறினார். முன்னது புகழ்ச்சி, பின்னது விடுதலை. புகழ்ச்சி பெற்றவர் அதனைக் காத்துக்கொள்ள மீண்டும் அஞ்சுவார். விடுதலை பெற்றவர்க்குக் காக்க வேண்டியது ஏதுமில்லை.

மடத்தின் அன்றாடம்

தெரேசாவின் ஏடுகளில் காட்சிகளும் பரவசங்களும் மிக அருகியே வருகின்றன. மிகுதியாய் வருவன சிறு தோல்விகள். தியான வேளையிலும், நற்கருணைக்குப் பிந்தைய நன்றிச் செபத்திலும் அவர் பல ஆண்டுகள் உறங்கிவிழுந்தார். அதற்காக மனமுடைய வேண்டும் என்று தோன்றினாலும் தாம் உடையவில்லை என்கிறார். விழித்திருக்கும் குழந்தையைப் போன்றே உறங்கும் குழந்தையையும் பெற்றோர் விரும்புவர், அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவரே நோயாளியை உறங்க வைப்பார் என்பன அவர் காட்டும் காரணங்கள். தனித்துச் செபமாலை சொல்வது ஒறுத்தல் கருவியை அணிவதினும் தமக்குக் கடினம் என அவர் ஒப்புக்கொள்கிறார். மரியன்னையிடம் பேரன்பு கொண்டவர் இதனை எழுதினார் என்பதே இதன் சிறப்பு.

துணி துவைக்கும் இடத்தில் எதிரிலிருந்த சகோதரி அழுக்குநீரை முகத்தில் தெறிக்க வைத்தபோது விலகாமல் நின்றதையும், செபக்கூடத்தில் பின்னிருந்து எழுந்த ஓயாத சிற்றொலியால் வியர்த்துப் போனதையும் அவர் நகைச்சுவையோடு விவரிக்கிறார். இயல்பாகவே தமக்குப் பிடிக்காத சகோதரி ஒருவரிடம் எப்போதும் புன்னகையோடு பழகினார். தம் மன உறுதி தளரும் எனத் தோன்றிய வேளைகளில், போர்க்களத்தை விட்டோடும் படைவீரரைப் போல் ஓடிவிட்டார்! தம் ஓட்டத்தையும் அவர் மறைக்கவில்லை. வீரம் இல்லாதபோது ஓடுவதும் ஒரு வழியே என எழுதும் துறவியைப் புனிதர் வரலாறுகளில் காண்டல் அரிது.

குறையை ஏற்றல் முயற்சியைக் கைவிடல் அன்று என்பதும் இந்நிகழ்ச்சிகளால் புலனாகும். புன்னகைக்க முயன்றவரே ஓடினார். விழித்திருக்க முயன்றவரே உறங்கினார். இளந்துறவியர்க்கு அவர் கூறிய உவமை ஒன்றை அவர்களுள் ஒருவர் காத்து வைத்துள்ளார். நடக்கத் தொடங்கும் குழந்தை, மாடியில் நிற்கும் பெற்றோரிடம் போக விரும்பி முதற்படியில் காலைத் தூக்குகிறது, விழுகிறது, மீண்டும் தூக்குகிறது. ஒரு படியும் ஏற முடியாத அம்முயற்சியைக் கண்டு இரங்கி, மேலே இருப்பவர் தாமே இறங்கி வந்து எடுத்துச் செல்கிறார். காலைத் தூக்குவதே குழந்தையின் கடன், ஏறுவது அன்று.

உரோமைப் பயணத்தில் பெரிய விடுதிகளில் மின்தூக்கியை ஒத்த ஏற்றுப்பொறிகளை அவர் கண்டிருந்தார். 1897இல் எழுதிய ஏட்டில், புனிதத்தின் கரடுமுரடான படிக்கட்டில் ஏற இயலாத சிறியவளாகிய தமக்கு இயேசுவின் கைகளே அத்தகைய ஏற்றுப்பொறி என்றார். அக்காலத்துப் புத்தம் புதிய பொறி ஒன்றை ஆன்மிக உவமையாக்கிய துணிவு கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. இதுவே 'சிறுவழி' எனப் பெயர் பெற்றது. 1895 சூன் 9ஆம் நாள் அவர் தம்மை இறைநீதிக்குப் பலியாக்காமல், இறைவனின் இரக்கமுள்ள அன்புக்கே காணிக்கையாக்கினார். லூக்கா தேர்ந்த சொல் மீண்டும் மேலெழுந்த இடம் இது.

மூன்று ஏடுகள்

1893இல் மடத்துத் தலைவியான பொலின், துறவுப்பெயரால் அன்னை ஆக்னசு, குழந்தைப் பருவ நினைவுகளை எழுதுமாறு தெரேசாவைப் பணித்தார். 1895இல் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் கிடைத்த ஓய்வு வேளைகளில் எழுதி, 1896 சனவரியில் ஒப்படைத்தார். அக்காள் அதனை உடனே படிக்கவில்லை. எழுதியவரும் அதைப் பற்றி வினவவில்லை. 1896 செப்டம்பரில் மூத்த அக்காள் மரிக்காக எழுதியது இரண்டாவது. 1897 சூனில், அப்போது தலைவியாயிருந்த அன்னை மரி தெ கொன்சாகுக்காக எழுதத் தொடங்கியது மூன்றாவது.

இரண்டாம் ஏட்டைப் படித்த மரி, அதில் காணும் பெருவிருப்பங்கள் தமக்கில்லையே என வருந்தினார். செப்டம்பர் 17ஆம் நாள் தெரேசா விடையெழுதினார். தம் பெருவிருப்பங்கள் ஒரு பொருட்டல்ல. தம் சிறுமையையும் வறுமையையும் தாம் நேசிப்பதும் அவரது இரக்கத்தில் கண்மூடி நம்பிக்கை வைப்பதுமே இறைவனுக்கு உவப்பு என்பது அதன் சாரம். அவ்வாண்டுக் கிறித்துமசுக்கு முன்னாள் செலினுக்கு எழுதிய மடலில், தன்னைத் தனக்கே பிடிக்காமற்போகும் துன்பத்தை அமைதியோடு தாங்குபவரிடம் இறைவன் இனிய உறைவிடம் காண்பார் என்றார். பிறரைப் பொறுத்தல் பற்றி அறநூல்கள் பல பேசும். தன்னையே பொறுத்தலை ஒரு தவமாகச் சொன்ன சொல் இது.

இச்சொற்கள் வெளிச்சத்தில் எழுதப்பட்டனவல்ல. 1896 ஏப்ரலில், பெரிய வியாழன் நள்ளிரவில், காசநோயின் முதற்குருதி வெளிப்பட்டது. ஈஸ்டரை ஒட்டி விண்ணகம் பற்றிய உறுதியே அவர் உள்ளத்தில் இருண்டது. அவ்விருள் இறுதிவரை நீங்கவில்லை. நம்பாதோரின் பந்தியில் அமர்ந்து அவர்களோடு கசப்பான அப்பத்தை உண்பதாகத் தம்மை அவர் கண்டார். ஐயம் என்னும் குறையையும் அவர் பிறரினின்று தம்மை உயர்த்தும் இடமாக்காமல் பிறரோடு அமரும் இடமாக்கிக்கொண்டார். 1897 சூலையில் கை ஓய்ந்து, மையைத் தொட்டெழுத இயலாது, கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார். இவரைப் பற்றி இரங்கல் மடலில் எழுதத் தலைவிக்கு என்ன கிடைக்கும் என அம்மடத்துச் சகோதரி ஒருவர் வியந்ததும் அந்நாள்களிலேதான். செப்டம்பர் 30ஆம் நாள் தெரேசா இறந்தார்.

திருத்திய கை

சரியாக ஓராண்டு கழித்து, 1898 செப்டம்பர் 30ஆம் நாளிட்டு, 'ஓர் ஆன்மாவின் வரலாறு' 2000 படிகள் அச்சாகி வெளிவந்தது. பதிப்பித்தவர் அன்னை ஆக்னசு. மூன்று ஏடுகளும் இணைக்கப்பட்டு அதிகாரங்களாகப் பகுக்கப்பட்டன. எழுத்துப்பிழைகள் களையப்பட்டன. குடும்பச் செய்திகள் சுருக்கப்பட்டன. நடை மெருகேற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான இடங்களில் மாற்றம் நிகழ்ந்தது. மூன்று பேருக்கு எழுதிய ஏடுகள் யாவும் அன்னை கொன்சாகு ஒருவர்க்கே எழுதப்பட்டன போல் ஆக்கப்பட்டன. அதன்பொருட்டு மூல ஏடுகளிலேயே சில இடங்கள் சுரண்டி மாற்றப்பட்டன.

முகத்துக்கும் இதுவே நேர்ந்தது. 1894இல் மடம் புகுந்த செலின் ஒளிப்படக் கருவியையும் உடன் கொண்டுவந்திருந்தார். அவர் எடுத்த படங்களில் அகன்ற முகமும் உறுதியான மோவாயும் கொண்ட நார்மண்டிப் பெண் தோன்றுகிறார். உலகெங்கும் பரவியவையோ செலின் தீட்டிய ஓவியங்களும் மெருகேற்றிய படங்களுமே. தமிழகத்துக் கோவில்களிலும், 'சிறுமலர்' எனப் பெயர் தாங்கிய பள்ளிகளிலும் ரோசாமலர் ஏந்தி நிற்கும் மென்முகம் அம்மெருகின் வழி வந்ததே.

பதிப்பித்த கையைப் பழிப்பது எளிது, நியாயமாகாது. ஏட்டில் வேண்டியவற்றைச் சேர்க்கவும் நீக்கவும் தெரேசாவே அக்காளுக்கு உரிமை தந்து சென்றார். அத்திருத்தங்கள் இல்லாவிடில் அக்காலத்து மடத்திலிருந்து அந்நூல் வெளிவந்திருக்குமா என்பதும் ஐயமே. அந்நூலின் வழியாகவே அவர் புகழ் பரவி, 1925 மே 17ஆம் நாள், இறந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குள், புனிதர் பட்டம் பெற்றார். அன்பே திருத்தியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் முரண் முரணே. குறையோடு நேசிக்கப்படலாம் என எழுதியவரை, குறை நீக்கிய பின்னரே உலகுக்குக் காட்டத் துணிந்தனர் அவரை நேசித்தோர். ஏட்டின் பொருளை அவர்கள் ஏற்றனர். ஏட்டை அப்பொருளால் அளக்கவில்லை.

அன்னை ஆக்னசு 1951இல் மறைந்தார். 1956இல் கார்மேல் சபைக் குரு பிரான்சுவா தெ சாந்த் மரி, ஏடுகளை ஆராய்ந்து, மூலத்தை உள்ளவாறே நிழற்படிகளாக வெளியிட்டார். 1961இல் மெருகேற்றாத ஒளிப்படங்கள் நூலாயின. பிழைகளும் அடிக்கோடுகளும் தளர்ந்த கையெழுத்தும் வெளிப்பட்டபின் தெரேசாவின் மதிப்புக் குறையவில்லை; கூடியது. 1997 அக்டோபர் 19ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். 2023 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரை, 1896இல் அவர் மரிக்கு எழுதிய மடலின் சொற்களையே தலைப்பாகக் கொண்டது.

திருத்தப்படாத உடன்பிறந்தாள்

இக்குடும்பத்தில் எவராலும் மெருகேற்ற முடியாதவர் ஒருவர் இருந்தார். ஐவருள் மூன்றாமவரான லெயோனி, படிப்பில் பின்தங்கியவர். அடக்க முடியாத குழந்தை எனத் தாயை வருத்தியவர். 1886இல் கிளாரா சபை மடத்தில் சேர்ந்து சில வாரங்களில் திரும்பினார். 1887இல் கான் நகரின் விசித்தாசியோன் மடத்தில் சேர்ந்து மீண்டும் திரும்பினார். 1893இல் அங்கேயே மறுபடியும் சேர்ந்து 1895இல் வெளியேறினார். மும்முறை தோற்றவர், தங்கை இறந்து, அவர் நூலும் வெளிவந்தபின், 1899 சனவரியில் நான்காம் முறையாக அதே மடத்தின் கதவைத் தட்டினார். 1941இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பெற்றோர் இருவரும் புனிதராக அறிவிக்கப்பட்ட 2015ஆம் ஆண்டிலேயே லெயோனியின் வாழ்வு பற்றிய புனிதர்நிலை விசாரணையும் தொடங்கியது. படியில் காலைத் தூக்கித் தூக்கி விழுந்த குழந்தையின் உவமைக்கு இவ்வாழ்வினும் தெளிவான உரை வேண்டுவதில்லை.

எழுதுவோர்க்கு

தமிழ்ப் புலவர் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் கூறுவர். தம் சொல்லின் சிறுமையை முன்வைத்துக் கற்றோரின் பொறையை வேண்டும் அம்மரபு பெரும்பாலும் ஓர் அணியாகவே நின்றுவிட்டது. சிறுமை பேசிய பாடலே புலமையின் உச்சத்தைக் காட்டும். தெரேசாவின் ஏடு அவையை எண்ணி எழுதப்பட்டதன்று. அதன் பிழைகள் அடக்கத்தின் அணியல்ல; பிழைகளே. அவற்றை மறைக்க அவர் முயலவுமில்லை, காட்டிப் பெருமை கொள்ளவுமில்லை.

திருத்துதல் எழுத்தின் கடமை என்பதை எவரும் மறுக்கார். எனினும் திருத்தம் இருவகைப்படும். சொல்ல வந்ததைத் தெளிவாக்கும் திருத்தம் ஒன்று; சொன்னவரை மறைக்கும் திருத்தம் மற்றொன்று. முன்னது கதிரை முற்றச் செய்யும். பின்னது கதிரின்மேல் பொன்முலாம் பூசும். 'பூரண சற்குணர்', 'நிறைவுள்ளவர்' என்னும் இரு தமிழாக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவு இதுவே.

மூன்றாம் ஏட்டின் முடிவில், உலகிலுள்ள பாவங்கள் அனைத்தும் தம்மீது இருந்தாலும் உள்ளம் உடைந்தவராய், திரும்பிவரும் மகனை நேசிக்கும் இயேசுவின் கைகளிலேயே போய் விழுவேன் என்று தெரேசா எழுதினார். நம்பிக்கை, அன்பு என்னும் இரு சொற்களோடு பென்சில் கோடு நிற்கிறது. அதற்குமேல் எழுத உடலில் வலுவில்லை. வேறு எத்தனையோ இடங்களைத் திருத்திய பதிப்பு நூலின் முடிவையும் அவ்விரு சொற்களுக்கு விட்டுவைக்கவில்லை.